இசிலேலி கேட்டது

நியூகாசல்
12 பிப்ரவரி 1989

மரியாதைக்குரிய அக்கா அகானேசிக்கு, தம்பி கெலேபி தலை தாழ்த்தி எழுதுவது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்க வைத்த ஆண்டவருக்கு நன்றி. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புயலுக்குப் பிறகு வனிலாக் கொடிகள் எத்தனை மிஞ்சின? இங்கே தினாவும் நானும் சுகம். உங்கள் மகன் இசிலேலி சுகத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறான். தீவிலிருந்து இங்கே வந்த பதினோரு மாதத்தில் எட்டுக் கிலோ ஏறிவிட்டான். அவன் மாமி தினா வேக வைக்கும் ஒரு பானைச் சேம்புக் கிழங்கு முன்பெல்லாம் எங்களுக்கு இரண்டு நாள் வரும், இப்போது மதியத்தையே தாண்டுவதில்லை.

போன வாரம் என் தோல் சட்டையைத் தடவிப் பார்த்து, "மாமா, இது எனக்கு நல்லா இருக்கும்ல?" என்றான். கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் சைக்கிள், அதற்கும் முன் ரேடியோ. அக்காள் மகன் கேட்டதைத் தாய்மாமன் மறுக்கக் கூடாது என்று விதித்துவிட்டுப் போன நம் பெரியவர்கள் இவன் பசியைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அடுத்து காரைக் கேட்பானோ என்று தினா சாவியை ஒளித்து வைக்கிறாள்.

அவன் பெயர் எப்போது ரேடியோவில் வரும் என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் ஆறு வருடம் பொறுங்கள் அக்கா. ஆள் மலை போல் இருந்தாலும் வயது பத்தொன்பதுதான். ரக்பி லீக்கில் ஓடுகிற பையன்கள் இருபதிலேயே ஜொலிப்பார்கள். முட்டுகிற முன்வரிசைக்காரன் அப்படி இல்லை. ஸ்கிரம்மில் இரு பக்கமும் ஆறு ஆறு பேர் தலை கோத்துத் தள்ளும்போது மொத்தப் பாரமும் அவன் கழுத்தில்தான் இறங்கும். எங்கள் அணிக்கு வைத்தியம் பார்க்கும் கிழவர் பெர்ட், தானும் ஒரு காலத்தில் முன்வரிசையில் முட்டியவர், எப்போதும் சொல்வார்: "முன்வரிசைக்காரன் இருபத்தஞ்சுலதான்யா பொறக்கறான். அதுவரைக்கும் இருக்கறது வெறும் சதை." கொடி காய்வதற்குள் பெருவள்ளிக் கிழங்கைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இவன் இரண்டாம் அணியில்தான் இருப்பான். வாரம் முழுக்க இரும்பு ஆலையில் வேலை, சனி ஞாயிறு பயிற்சியாளன் என்று என் பிழைப்பு ஓடுகிறது. இவன் எப்போதும் என் கண் முன்தான் இருக்கிறான்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
கெலேபி

*

வவாவு
19 மார்ச் 1989

அன்புத் தம்பி கெலேபிக்கு,

உன் வீட்டார் எல்லோருக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. கொடியில் பாதி போயிற்று.

ஆறு வருடமா? அதற்குள் எனக்குப் பல் எல்லாம் கொட்டிவிடும். ரேடியோவில் அவன் பெயர் வந்தால் வாய்விட்டுச் சிரிக்க நாலு பல்லாவது வேண்டாமா? கோயில் பாட்டுக்குழுப் பெண்கள் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்கள், நானும் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். ஆனாலும் நீ சொன்னால் சரி. அவன் அப்பா கடலில் போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். உன் கையில் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். அக்காள் மகன் என்று அவன் கேட்பதை எல்லாம் கொடுத்துக் கெடுக்காதே. சட்டை, சைக்கிள் போகட்டும். ஆட்டத்தில் அவன் ஏதாவது கேட்டால் மறுத்துவிடு. நான் மறுக்கச் சொன்னதாகச் சொல். உன்னைவிட உரிமை அவனுக்குப் பெரிது என்றால், அவனைவிட நான் பெரியவள்.

அகானேசி

*

நியூகாசல்
28 மே 1989

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகமும் அதுவே என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆலையில் இரட்டை வேலை.

இந்த வருடம் அணி சரியில்லை. முன்வரிசையில் ஒருவனுக்கு முழங்கால் போயிற்று, இன்னொருவனுக்குத் தாடை உடைந்துவிட்டது. தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றிருக்கிறோம். நிர்வாகக் குழுவில் சிலர் பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். இந்த ஊரில் நம் இனத்தான் ஒருவன் பயிற்சியாளனாக நிற்பது இதுதான் முதல் தடவை. ஆலையில் இருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொரு ஞாயிறும் கொடியோடு வந்து எனக்காகக் கத்துகிறார்கள். தோற்ற பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

இசிலேலி நன்றாக இருக்கிறான். கழுத்தில் சின்னச் சுளுக்கு. தினா தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தில் எழுதியதை நினைவில் வைத்திருக்கிறேன்.
கெலேபி

*

நியூகாசல்
24 ஜூன் 1989

அக்கா,

பாதிரியார் வழியாக விஷயம் உங்களுக்கு வந்திருக்கும். தபால் ஆபீஸ் போனில் உங்களைக் கூப்பிடச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அக்காவும் தம்பியும் நேரில் பேசுவதற்கே நம் வழக்கத்தில் ஆயிரம் கூச்சம், அதில் இந்தச் செய்தியை எந்த வாயால் சொல்வேன்?

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து இல்லை. அறுவை சிகிச்சை முடிந்தது. கால் இரண்டும் அசைகிறது, நடப்பான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். வலது கை மட்டும் இப்போதைக்குச் சரியாகப் பிடிக்கவில்லை. இனி ஆட முடியாது.

போன ஞாயிறு முதல் அணியில் ஆடினான். இரண்டாம் பாதியில் ஸ்கிரம் சரிந்து விழுந்தது. அவன் அடியில் இருந்தான்.

அவன்தான் கேட்டான் அக்கா. முதல் அணியில் இறக்குங்கள் மாமா என்று கேட்டான். நீங்கள் மறுக்கச் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அக்காள் மகன் கேட்டு நிற்கும்போது மறுக்கிற வாய் எனக்கு ஏது?

தினா பகல் முழுக்க அவன் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஜெபியுங்கள்.
கெலேபி

*

வவாவு
23 ஜூலை 1989

அன்புத் தம்பி கெலேபிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் எழுத உட்கார முடியவில்லை. அழுது முடித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என் மகன் செய்த தவறுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிறப்பால் வந்த உரிமை ஒரு சட்டைக்கும் பன்றிக்கும் ஆனது. மாமனை மடக்கித் தன் கழுத்தை முறித்துக்கொள்வதற்கு இல்லை. நான்தான் ஒற்றைப் பிள்ளை என்று இடம் கொடுத்து வளர்த்துவிட்டேன். உன் கையைக் கட்டிப் போட்டது நம் வழக்கம், அதைப் பிடித்து இழுத்தது என் பிள்ளை. இந்தப் பாரத்தை நீ சுமக்காதே. ஆலைக்குப் போ, சாப்பிடு, தூங்கு.

வாயால் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது, நம் வழக்கப்படி பாய் வைத்துக் கேட்க வேண்டும். கப்பலில் ஒரு பாய் வரும். மூன்று வருடம் நான் பின்னிய மெல்லிய பாய். இசிலேலி கல்யாணத்துக்கு வைத்திருந்தேன். அது உனக்கு.

உன் அக்கா
அகானேசி

*

நியூகாசல்
27 ஆகஸ்ட் 1989

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பாய் வந்து சேர்ந்தது. அதன் அழகைப் பார்த்து தினா அழுதுவிட்டாள். இன்னும் விரிக்கவில்லை. சுருட்டியபடியே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இசிலேலியைச் செவ்வாய்க்கிழமை விமானம் ஏற்றிவிட்டோம். கழுத்தில் பட்டையோடு வந்தவனைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். என் தோல் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனான். ஒரு கையை நுழைக்க நான் உதவினேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய பாய்க்கு நான் தகுதி இல்லாதவன்.
கெலேபி

*

வவாவு
24 செப்டம்பர் 1989

அன்புத் தம்பிக்கு,

அவன் வந்துவிட்டான். நடக்கிறான், அதற்கு ஆண்டவருக்கு நன்றி. வலது கையால் தேங்காய் உரிக்க வரவில்லை. சட்டைப் பொத்தானைப் போட ஒரு பாட்டு நேரம் ஆகிறது. நான் போய்ப் போட்டுவிடவில்லை.

வந்த அன்றே கேட்டேன். "மாமா எழுதியிருக்காரு, நீதான் அவருகிட்ட கேட்டியா?" இடது கையால் பெட்டியை எடுத்து உள்ளே வைக்கப் போனான். "வாயைத் தொறந்து சொல்லுடா." "ஆமாம்மா, நான்தான் கேட்டேன்." அவ்வளவுதான் சொன்னான். ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. சாக்குச் சொல்லியிருந்தால் எனக்கு மனம் இளகியிருக்கும்.

அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. அடுப்பில் வைத்துவிட்டுப் போகிறேன், அவனே எடுத்து இடது கையால் சாப்பிடுகிறான். பார்த்தால் எடுத்து ஊட்டிவிடத் தோன்றுகிறது. ஆனாலும் உன்னை இந்த நிலையில் நிறுத்தினானே என்று நினைத்தால் கோபம்தான் முந்தி வருகிறது. நீ எழுது. உன் கடிதத்தில் ஏதோ கூச்சம் தெரிகிறது. எங்களிடம் உனக்கு என்ன கூச்சம்?

அகானேசி

*

வவாவு
5 நவம்பர் 1989

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியதோ, உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

போன ஞாயிறு இசிலேலியைக் கோயிலில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தேன். மாமன் மேல் தனக்கிருந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டான். கழுத்தை வளைக்க முடியாததால் இடுப்போடு குனிந்தான். பாட்டுக்குழுவில் இருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. உன் பெயர் சபையில் சுத்தமாக இருக்கிறது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அக்கா

*

நியூகாசல்
26 நவம்பர் 1989

அக்கா,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இசிலேலி முதல் அணியில் ஆட வேண்டும் என்று கேட்கவே இல்லை. நான்தான் இறக்கினேன். மே மாதமே இறக்கிவிட்டேன். அந்த மாதம் அவனுக்குச் சுளுக்கு என்று எழுதினேனே, அது அவன் மூன்றாவது ஆட்டத்தில் வந்தது.

அவன் அடிபட்ட அந்த ஞாயிறு கோயில் முடிந்து காரில் ஏறினோம். டை கட்டி, நம் வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றி, கோயில் உடையிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "மாமா, ஒன்னு கேக்கவா?" என்றான். நான் சிரித்தேன். "என்னடா, இப்பக் காரா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு என்னை இறக்காதீங்க மாமா. விரல் நுனியெல்லாம் மூணு நாளா மரத்துப்போயிருக்கு. பயமா இருக்கு."

அக்கா, அவன் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மூன்று வயதில் பன்றி துரத்தியபோதுகூடச் சொன்னதில்லை.

நான் சொன்னேன், "வீட்டுலதான்டா நான் உனக்கு மாமன். மைதானத்துல கோச்சு. கோச்சுகிட்ட இதெல்லாம் கேக்கக் கூடாது."

"சரி மாமா" என்றான்.

உடை மாற்றும் அறையில் பெர்ட் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இவனை இறக்காதே. இன்னும் ஆறு வருசம் இருக்குன்னு நீதானய்யா சொன்னே." வேலையைப் பார்க்கச் சொன்னேன். அன்றோடு அந்த மனிதர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் ஆட்டம் இருபத்திரண்டு நிமிடம் நடந்தது. நான் மைதானத்தை விட்டு நகரவில்லை. அன்று ஜெயித்தோம். கோப்பையும் இந்த வருடம் எங்களுக்குத்தான். குழு என்னை இன்னும் மூன்று வருடத்துக்கு வைத்துக்கொண்டது. உங்களுக்கு இதை எல்லாம் எழுதவில்லை.

மருமகன் கேட்டால் மறுக்க வாய் ஏது என்று எழுதினேன். வாய் இருந்தது. சட்டையும் சைக்கிளும் கேட்டபோது வராத வாய், அவன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை உண்மையாகக் கேட்டபோது வந்தது. பிறகு அதே வழக்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அவன் பேரில் பொய் எழுதினேன். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோயிலில் குனிந்தான் என்று எழுதியிருந்தீர்கள். குனிய வேண்டியவன் நான். என்னைத் திட்டுங்கள், சபியுங்கள். ஆனால் அவனோடு பேசுங்கள்.

கெலேபி

*

வவாவு
18 பிப்ரவரி 1990

கெலேபிக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. மூன்று முறை எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். அதில் இருந்தது எதுவும் நீ படிக்கத் தக்கதல்ல.

உன் கடிதத்தை இசிலேலியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா சொல்லிட்டாரா" என்றான். ஏன்டா பொய் சொன்னாய் என்று கேட்டேன். "மாமா அப்படி எழுதிட்டாருன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. நான் இல்லைன்னு சொன்னா அவரு பொய்யராயிடுவாரே. நீங்க ரெண்டு பேரும் அக்கா தம்பியாச்சே."

உன் பாவத்தை நீ எழுதிவிட்டாய். என்னுடையதை நான் யாரிடம் எழுதுவது? கழுத்து முறிந்து வந்த பிள்ளைக்கு மூன்று மாதம் என் கையால் ஒரு பிடி எடுத்து வைக்கவில்லை. செய்யாத குற்றத்துக்குச் சபை நடுவே நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நான் நின்று சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். அது இனி இங்கே சுத்தமாக இல்லை. இப்போது தினமும் பொத்தான் போட்டுவிடுகிறேன். போதும்மா, நானே பழகறேன் என்கிறான், விடுவதில்லை.

மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

ஆனால் அவன் ஒன்று கேட்கிறான். நான் சொல்லிக் கேட்கவில்லை, அவனாகவே கேட்கிறான். நான் எழுதுவதோடு சரி. ஜூன் மாதம் பெருவள்ளி நடவு. அவன் அப்பாவின் தோட்டம் இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. குழி தோண்ட அவனுக்கு வலது கை இல்லை. "மாமா வந்து எனக்கு வலது கையா நிக்கணும். நட்டுட்டு ஓடக் கூடாது, கொடி காயற வரைக்கும் இருக்கணும்." இதுதான் அவன் சொன்னது.

ஜூன் என்றால் உங்கள் ஆட்டத்தின் நடுக் காலம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கொடி காய எட்டு மாதம் ஆகும் என்று உனக்கும் தெரியும்.

வருவதானால் அந்தப் பாயை எடுத்து வா. கட்டிலுக்கு அடியில் கிடந்தது போதும். மன்னிப்புக் கேட்பவன் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கே உட்கார வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டாம்.

அகானேசி

*

நியூகாசல்
11 மார்ச் 1990

இசிலேலி,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தோம், எழுத வேண்டிய தேவை வரவில்லை. பேச வேண்டிய அன்று நான் கோச்சாகப் பேசினேன்.

அம்மாவின் முழங்காலைக் கவனித்துக்கொள். உன் விரல்கள் இப்போது எவ்வளவு மடங்குகின்றன என்று எழுது, மறைக்காமல் எழுது.

நேற்றுக் குழுவிடம் சொல்லிவிட்டேன். நடுவில் விட்டுப் போனால் திரும்பி வர இடமிருக்காது என்றார்கள். சரி என்றேன். ஆலையிலும் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது பெர்ட் வாசலில் நின்றிருந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தார். "அந்தப் பையன்கிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

மே கடைசியில் கிளம்புகிறேன். தினா பிறகு வருவாள். காரை விற்கவில்லை. நீ அன்று கேட்கவில்லை என்றாலும் அது உன்னுடையது, கப்பலில் வரும். எத்தனை குழி வேண்டும், எவ்வளவு ஆழம் என்று எழுது. தோண்டிப் பல வருடம் ஆயிற்று, கையில் கொப்புளம் வரும். நீ சிரிக்கலாம்.

பாயைக் கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் உட்காருவேன். சபை முழுக்கப் பார்க்கும். அம்மா கதவைத் திறப்பாரா, எத்தனை நாள் கழித்துத் திறப்பார், எனக்குத் தெரியாது. அன்று காரில் நீ சொன்னதை இன்று நான் சொல்கிறேன். பயமாக இருக்கிறது இசிலேலி.

நீ பயத்தோடுதான் இறங்கினாய். நானும் வருகிறேன்.

உன் மாமா
கெலேபி